பக்கம் 2471

பதவி உயர்வுப் படிவம் பதினேழு பக்கம். அதில் பதினாறு பக்கத்தை ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது ஆராய்ச்சிக்காரிக்குத் தெரியும். அவர்களுடைய கண் போய் நிற்கப்போவது ஒரே ஒரு கட்டத்தில்தான்: உங்கள் கட்டுரைகளை இதுவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், மொத்தம்?

அந்தச் சொல்லையே நிறுவனத்து இயக்குநருக்குப் பெயராக வைத்திருந்தார்கள். யார் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "அதெல்லாம் இருக்கட்டும், மொத்தம் எவ்ளோ?" என்பார். எலிக்கூடத்தில் நோய் பரவிக் கூண்டு கூண்டாக எலிகள் செத்தபோதும் அதையேதான் கேட்டார். அன்றிலிருந்து மாடிப்படி துடைப்பவர் வரைக்கும் அவர் மொத்தம்தான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மொத்தம் அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"ஆயிரத்து நானூத்திச் சொச்சம். பரவால்ல. ஆனா அதுல ஆயிரத்து நூத்து முப்பத்தாறு ஒரே பேப்பர். பாக்கி இருபத்திரண்டும் சேந்து முந்நூறைத் தாண்டல. அந்த ஒண்ணுதாம்மா உன்னைச் சுமக்குது. வியாழக்கிழமை இன்டர்வியூல அதை மட்டும் பேசு. வேற எதையும் இழுக்காதே."

"சரி சார்" என்றாள். பத்து வருடமாக இணைப் பேராசிரியர். அவளுக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போய்ப் பேராசிரியர் அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த முறையும் கிடைக்காவிட்டால் வயது வரம்பு முடிந்துவிடும், ஓய்வு பெறும்வரை இதே நாற்காலிதான். அதனால் 'சரி சார்' என்பது அவள் நாக்கில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் கட்டுரை அவளுடைய மூன்று வருட உழைப்பு. கெட்டுப்போன சிறுநீரகத்தில் ஒரு புரதம் அளவுக்கு மீறி ஊறுகிறது. அதை அடக்கினால் என்ன ஆகும்? எலிகளுக்கு மருந்து கொடுத்து, சிறுநீரகத்தை முடியிலும் மெல்லிசாகச் சீவி, தழும்பு விழுந்த இடம் நீலமாகத் தெரியும்படி சாயமேற்றி, ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகளைக் கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை பார்த்தாள். நான்காவது வாரம் எலிகள் ஜோராகத் தேறின. இரத்தத்தில் எல்லா எண்களும் இறங்கின. பன்னிரண்டாவது வாரம் வெட்டிப் பார்த்தால், மருந்து தின்ற எலிகளின் சிறுநீரகத்தில் மருந்தே தின்னாததைவிட இரண்டு பங்கு தழும்பு. ஆரம்பத்தில் நல்லது போலக் காட்டி, பிறகு குழி பறிக்கிறது. கட்டுரையின் ஆறாவது படம் அதைத்தான் சொன்னது. கட்டுரையே அதற்காகத்தான் எழுதப்பட்டது.

அறைக்குத் திரும்பியபோது கைப்பேசியில் அக்காவின் குரல் வந்து காத்திருந்தது. அக்கா வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். பேச்சும் மெஷின் மாதிரிதான், நடுவில் நிற்காது.

"ஏய் சின்னு, கோச்சுக்காதே, உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். அத்தானை கிட்னிக்கு ஒரு புது மருந்துப் பரிசோதனைல சேத்திருக்கோம். நல்லபடியா நடந்தா சொல்லலாம்னு வாயைக் கட்டிட்டு இருந்தேன். மூணு வாரம் ஆச்சு. இன்னிக்கு ரிசல்ட் வந்துச்சு பாரு, கிரியாட்டினின் மூணு புள்ளி ஒண்ணு இருந்தது ரெண்டு புள்ளி நாலுக்கு வந்துடுச்சு! அவங்க குடுத்த பேப்பரைப் போட்டோ புடிச்சு அனுப்பிருக்கேன். கடைசிப் பக்கத்தைப் பாரு. பதினாலாவது வரில உன் பேருடி! அதைப் பாத்தப்புறம்தான் தைரியமாக் கையெழுத்துப் போடுங்கன்னேன். சாயங்காலம் வா, சேந்து சாப்பிடலாம்."

ஆராய்ச்சிக்காரி படத்தைப் பெரிதாக்கினாள். நோயாளிகளுக்கான விளக்கத்தாள். இருபத்துநான்கு வாரம் தினம் இரண்டு மாத்திரை. மாத்திரை எந்தப் புரதத்தை அடக்கும் என்று எழுதியிருந்தது. அதே புரதம். "இந்தப் புரதத்தை அடக்குவது சிறுநீரகத்தைக் காக்கிறது என்பது விலங்குகளில் உறுதியாகியுள்ளது" என்று ஒரு வாக்கியம், வாக்கியத்தின் வாலில் பதினான்கு என்ற எண். கடைசிப் பக்கத்தில் பதினான்காவதாக அவள் பெயர், அவள் கட்டுரை.

அடுத்த நொடியே கோபம் தலைக்கு ஏறியது. எந்த முட்டாள் இதை எழுதினான்? கட்டுரையைப் படித்தானா, முகர்ந்து பார்த்தானா? நான் கறுப்பு என்று எழுதியதை வெளுப்பு என்று சொல்லி, அதற்குச் சாட்சியாக என்னையே கூண்டில் ஏற்றுகிறானே!

அப்போதே அக்காவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. முழு விவரமும் கையில் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதெல்லாம் வெறும் சாக்கு. அவளுக்கு வேண்டியிருந்தது விவரமில்லை, ஒரு கழுத்து. பிடித்து நெரிக்க ஒரு கழுத்து கிடைக்காமல் அவளால் அந்த அறையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

விளக்கத்தாளை இன்னொரு முறை பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டினால் இதழின் பெயர், தொகுதி, கட்டுரை ஆரம்பிக்கும் பக்கம் எல்லாம் போட வேண்டும். அவளுடைய கட்டுரை ஆரம்பிப்பது 2417ஆம் பக்கத்தில். இதில் 2471 என்று இருந்தது. அந்த இதழில் 2471ஆம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடினாள். ஈஸ்ட்டைப் பற்றி யாரோ எழுதிய கட்டுரையின் நடுப்பக்கம். சிறுநீரகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கட்டுரையைத் திறந்து பார்த்தவன் இந்த எண்ணைப் போட்டிருக்க முடியாது. இன்னொருவனுடைய பட்டியலிலிருந்து ஈயடிச்சான் காப்பி அடித்தவன்தான் போடுவான்.

மேற்கோள் காட்டிய ஆயிரத்து நூற்று முப்பத்தாறு பேரின் பட்டியலையும் கணினியில் இறக்கி, 2471ஐத் தேடச் சொன்னாள். எழுநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'நிறுவப்பட்டுள்ளது' என்று ஒருவர். 'ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது' என்று அடுத்தவர். 'அனைவரும் அறிந்தபடி' என்று இன்னொரு மேதாவி. ஒருத்தனாவது படித்தானா? மருந்துக் கம்பெனிக்காரர்கள் தாங்களும் எலிகளில் சோதித்ததாகப் போட்டிருந்தார்கள், நான்கே நான்கு வாரம். அதற்கு மேல் எதற்கு, அதுதான் ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டதே! "நாசமாப் போறவங்களா" என்று வாய்விட்டே சொன்னாள். அடுத்த மேசையில் சோதனைக் குழாய்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று குனிந்துகொண்டார்.

வருடவாரியாக அடுக்கினாள். பத்து வருடத்துக்கு முன்னால், அதற்கும் முன்னால் என்று இறங்கிக்கொண்டே போனாள். அடியில் ஒரே ஒரு கட்டுரை மிஞ்சியது. சிறுநீரக நோயைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துச் சொல்லும் நீண்ட கட்டுரை. ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று: மொத்தம்.

கிடைத்துவிட்டது கழுத்து. கை தட்டாத குறை. பக்கத்தைத் திறந்தாள். "இதை அடக்குவது சிறுநீரகத்தைக் காக்கிறது" என்ற வாக்கியத்தைப் படித்தாள். முன்னும் பின்னும் படித்தாள். படிக்கப் படிக்க அந்த வாக்கியங்கள் அவளுக்கு மிகவும் பழக்கமானவையாக இருந்தன. அந்தப் பத்தியை எழுதியது அவள்தான்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. அவளுடைய ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருந்த நேரம். மொத்தம் அப்போது துறைத்தலைவர். ஒரு பெரிய இதழ் அவரிடம் தொகுப்புக் கட்டுரை கேட்டிருந்தது. "நீ ஒரு டிராஃப்ட் போட்டுக் குடும்மா" என்றார். இரண்டே நாளில் நாற்பது பக்கம் அடித்துக் கொடுத்தாள். பன்னிரண்டாவது வாரத்தைப் பற்றியும் எழுதியிருந்தாள். அவர் கூப்பிட்டு, "இது எதுக்கு? படிக்கிறவனுக்கு ஒரு நம்பிக்கை வர வேணாமா? நாலாவது வாரத்தோட நிறுத்து, பாக்கியை விருப்பமிருக்கிறவன் பேப்பர்ல போய்ப் படிச்சுக்கட்டும்" என்றார். அவள் அந்த மூன்று வரியை எடுத்தாள். அவசரத்தில் பக்க எண்ணையும் அவள்தான் மாற்றி அடித்தாள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

அதோடு போயிற்றா? இல்லை. ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒரு மாணவி மின்னஞ்சல் போட்டிருந்தாள். 'உங்கள் ஆறாவது படம் வேறு மாதிரி சொல்கிறது, ஆனால் எல்லாரும் உங்களைத் தலைகீழாக மேற்கோள் காட்டுகிறார்களே, கவனித்தீர்களா?' என்று. ஆராய்ச்சிக்காரி கவனித்திருந்தாள். பதில் போடலாம் என்று வைத்திருந்தவள் போடவே இல்லை. அப்போது எண்ணிக்கை ஐந்நூறைத் தொட்டிருந்தது. தினம் காலையில் தேநீர் குடிப்பதற்கு முன்னால் அந்த எண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. ஏறுகிற எண்ணை யார்தான் தங்கள் கையாலேயே நிறுத்துவார்கள்?

ஆறாவது படத்தை அச்செடுத்து மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு மொத்தத்தின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"சார், உங்க பதினோரு வருஷத்துக்கு முந்தின கட்டுரைல தப்பு இருக்கு. இன்னிக்கே திருத்தம் போடணும். அதை நம்பி மனுஷங்களுக்கு மருந்து குடுத்துட்டு இருக்காங்க. எங்க அத்தான் சாப்பிட்டுட்டு இருக்காரு!"

மொத்தம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முழுவதும் கேட்டார். பதறவில்லை.

"உக்காரு. முதல்ல, அது உன் கட்டுரை."

"உங்க பேரு இருக்கு சார்!"

"பேரு என்னுது. எழுதினது நீ. 'சரி சார், அந்த மூணு வரியை எடுத்துட்டேன்'னு நீ போட்ட மெயில் எங்கிட்ட பத்திரமா இருக்கு. வேணும்னா காட்டறேன்."

"நீங்க எடுக்கச் சொன்னீங்க!"

"சொன்னேன். நீ முடியாதுன்னு சொல்லிருக்கலாம்ல?" அவர் குரல் உயரவே இல்லை, அதுதான் அவளை மேலும் எரியவைத்தது. "இதோ பாரு, வியாழக்கிழமை இன்டர்வியூ. நாலு நாள்ல யாரும் செத்துட மாட்டாங்க. முடிஞ்சப்புறம் மெதுவா ஒரு சின்னத் திருத்தம் போட்டுக்கலாம். இப்பவே போட்டா அந்த எழுநூத்துச் சொச்சத்துக்கும் மதிப்பு கிடையாது. உன் பேர்ல சொல்லிக்க வேற என்ன இருக்கு, சொல்லு? மொத்தம் எவ்ளோ மிஞ்சும்?"

"மொத்தம், மொத்தம், மொத்தம்! உங்க மொத்தத்தைக் கொண்டுபோய்க் குப்பைல போடுங்க சார்!" என்று கத்தினாள். வெளியே வராந்தாவில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தாள். படி இறங்கும்போதுதான் அவர் கேட்டது உறைத்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம்தான். வேலை போயிருக்கும். போனால் போகட்டும் என்று சொல்ல அன்றைக்குத் துப்பில்லை. அவரைத் திட்டத் திட்டக் கோபம் குறையவே இல்லை. வேறு யார் மேலோ இருந்தது அது.

அக்கா வீட்டு வாசலில் தைத்து முடித்த சீருடைகள் மூட்டையாகக் கிடந்தன. உள்ளே அத்தான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் லேத் பட்டறையில் நின்ற கால், இரண்டு வருடமாகப் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது. இப்போது கணுக்கால் எலும்பு தெரிந்தது.

"வாங்க ஊசி போடாத டாக்டரம்மா!" என்றார். "பாத்தியா, செருப்பு நுழையுது. எல்லாம் உன் புண்ணியம்."

அக்கா ரிசல்ட் தாளை மைத்துனருக்கும் பக்கத்து வீட்டுக்கும் காட்டிக் காட்டிக் கசக்கியிருந்தாள். அதைத் தங்கையின் கையில் திணித்தாள். "எங்க வீட்டுக்காரரைக் காப்பாத்தினது என் தங்கச்சியோட மூளைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அக்கா, அந்த மாத்திரையை நிறுத்தணும்."

"என்னது?"

"முதல் நாலு வாரம் இப்படித்தான் இருக்கும். நல்லா ஆகற மாதிரி காட்டும். அப்புறம் கிட்னில தழும்பு விழும், முன்னைவிட மோசமா. நான் எழுதினதே அதைத்தான். இவங்க தலைகீழா எடுத்துட்டாங்க."

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. சிரிப்புப் போய்ச் சந்தேகம் வந்தது. "நீ என்னடி சொல்றே? உன் பேப்பரை ஆயிரத்து நூறு பேர் சரின்னு சொல்லிருக்காங்கன்னு நீதானே பெருமையடிச்சே? போன வருஷம் இதே கூடத்துல உக்காந்து! அவ்ளோ படிச்சவங்க சொல்றது தப்பு, நீ ஒருத்தி சொல்றது சரியா? கண்ணெதிர்ல வீக்கம் வத்திருக்கு. உனக்குக் கண்ணு தெரியலையா?"

அவளுடைய வார்த்தையை அவளுடைய எண்ணிக்கையே அமுக்கிவிட்டது.

"அவங்க யாரும் படிக்கலக்கா. ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சிருக்காங்க."

"அப்போ முதல்ல தப்பா எழுதினவன் யாரு? அவனை இழுத்துட்டு வா, நாக்கைப் புடுங்கற மாதிரி நான் கேக்கறேன்."

அந்த இடத்தில் மொத்தத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். அத்தான் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்க்கா" என்றாள். "எழுதச் சொன்னது வேற ஆளு. எழுதினது நான். வேலை போயிடும்னு பயந்து எழுதினேன். அப்புறம் தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

மெஷின் மேல் கிடந்த கத்தரிக்கோலை அக்கா எடுத்தாள். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தாள். "அப்போ பொய் சொன்னியா, இப்ப பொய் சொல்றியா?"

"அப்போ."

"காட்டு. நீ எழுதினதை எடுத்துக் காட்டு."

பதினோரு வருடத்தில் அந்தக் கட்டுரையைக் காட்டு என்று அவளிடம் கேட்ட முதல் ஆள் அக்காதான். ஆராய்ச்சிக்காரி மடித்த தாளை எடுத்து மெஷின் மேல் விரித்தாள். அருகருகே இரண்டு சிறுநீரகத் துண்டுகள். ஒன்றில் அங்கங்கே நீலக் கீற்று. மற்றதில் சிவப்பே தெரியாமல் நீலம் அப்பிக் கிடந்தது.

"நீலம்னா?"

"தழும்பு."

"எது மருந்து தின்னது?"

அவள் விரலை வைத்தாள். அக்கா கொஞ்ச நேரம் அந்த விரலைப் பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"இதைப் பாக்க என்னடி படிப்பு வேணும்?" என்றாள். சத்தமே இல்லை அந்தக் குரலில். "நான் எட்டாங்கிளாஸ். எனக்குத் தெரியுது. உங்க ஆயிரம் பேருக்கும் கண்ணு எங்கடி போச்சு? உனக்கு எங்கடி போச்சு?"

அத்தான் தாளை வாங்கிச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார், "எனக்கு இப்ப எவ்ளோ நீலம் ஆயிருக்கும்?"

"தெரியல அத்தான். மூணு வாரம்தான். அவ்ளோவா ஆயிருக்காதுன்னு..." அவர் சரி என்று தலையாட்டினார். திட்டியிருக்கலாம் அவர். திட்டாமல் விட்டதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அக்கா விளக்கத்தாளில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மருந்துப் பரிசோதனையை நடத்தும் டாக்டர் எடுத்ததும் ஸ்பீக்கரை அழுத்தி, போனைத் தங்கையின் வாய்க்கு நேராகப் பிடித்தாள். "பேசு. உன் பேரைச் சொல்லு முதல்ல."

ஆராய்ச்சிக்காரி பேரைச் சொன்னாள். அந்தப் பக்கம் குரல் மலர்ந்தது. "மேடம், நீங்களா! உங்க பேப்பர்லேர்ந்துதான் நாங்க..."

"அதைப் படிச்சீங்களா டாக்டர்?"

அந்தப் பக்கம் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டாவது வாரம், எடுத்துவிட்ட மூன்று வரி, எடுத்தவள் யார், எத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள், எல்லாம். எழுத்தில் இன்றைக்கே அனுப்புகிறேன், இதழுக்கும் அனுப்புகிறேன் என்றாள். வியாழக்கிழமை என்ற ஒரு நாள் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இப்போது டாக்டரின் குரலில் மரியாதை இல்லை. "மேடம், இந்த மருந்துல இருநூத்து நாப்பது பேர் இருக்காங்க. முதல்ல சேந்தவங்களுக்கு இது பதினோராவது வாரம். பதினோராவது வாரம், புரியுதா உங்களுக்கு?"

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எல்லாரையும் கூப்பிடுங்க சார். இன்னிக்கே கூப்பிடுங்க. என்ன கேக்கணுமோ இவகிட்ட கேளுங்க. எழுதி முடிக்கிறவரைக்கும் இவ எங்கயும் போக மாட்டா" என்று சொல்லிவிட்டு, போய் வாசல் கதவைத் தாழ்போட்டாள்.